பேசுவதற்காகப் போன பயணம்

நாவலப்பிட்டியில் ரயில் நின்றுவிட்டது. மேலே வட்டவளைப் பக்கம் மலை சரிந்து தண்டவாளத்தில் விழுந்து கிடக்கிறது, எல்லோரும் இறங்கி பஸ்ஸில் போய்க்கொள்ளுங்கள் என்று ஒரு சிப்பந்தி பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு போனான். முதலில் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில், கடைசியாக எங்களைப் பார்த்துத் தமிழில். என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போதுதான் திறந்திருந்தேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் முன்பாதி அவருடைய வைத்தியசாலை. பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். காலையில் நான் வாசல் தெளிக்கும்போதே நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானம் சாப்பிட உள்ளே வருவார். வாயில் சோறு இருக்கும்போதே கம்பவுண்டர் கதவோரம் வந்து செருமுவான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஒரே பையன், அவனும் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். நானும் அவரும் பேசுவதெல்லாம் ரசம் ஆறுகிறது, வெந்நீர் போட்டாயிற்று, பையனுக்குப் பணம் அனுப்பியாயிற்றா என்பதுதான். அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பங்குனியில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வைத்தியர் பெண்டாட்டிக்கு இதைச் சொல்ல ஊரிலேயே வசதியான இடம் வீட்டிலேயே இருக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கும் கம்பவுண்டரின் செருமலுக்கும் நடுவில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் முடியப்போகிறது. அவர் சும்மா உட்காரவே இல்லை.

அந்த நேரத்தில்தான் இலங்கையிலிருந்து என் நாத்தனார் கமலாவின் கடிதம் வந்தது. கமலா அவருடைய ஒரே தங்கை. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் புருஷன் பெரிய கிளாக்கர். அவர்களுடைய மகள் வசந்தா பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் சீர் கொண்டு வராமல் சடங்கு நடக்காது. யார் கூப்பிட்டும் ஊரை விட்டு நகராத மனிதர் தங்கை அழைத்ததும் ஒரு வாரம் கதவைச் சாத்தினார். பட்டுப்பாவாடை, வெள்ளிக்கொலுசு, மஞ்சள், பழமெல்லாம் நான் கட்டினேன். கட்டும்போதே எனக்கு இன்னொரு கணக்கு இருந்தது. கப்பலிலும் ரயிலிலும் எந்த நோயாளி வந்து செருமப்போகிறான்?

ஆனால் கப்பலில் அவர் மயக்கமாகப் படுத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து கிளம்பிய ரயிலில் எதிரே காதர் நானா உட்கார்ந்தார். நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்.

காதர் நானாவுக்குக் கொட்டகலைக் கடைவீதியில் ஜவுளிக்கடை. நல்ல மனிதர். வழியில் வாங்கிய ரம்புட்டான் பழத்தை உரித்து உரித்து எங்களுக்குக் கொடுத்தார். இவர் டாக்டர் என்று தெரிந்ததும் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கி, மூட்டைக் காட்டினார்.

"மழைக்காலம் வந்தா படியேற ஏலாது டொக்டர். கொழும்புல காட்டினேன். எண்ணெய் பூசச் சொன்னாங்க."

மூட்டு முடிந்து வயிற்றுக்கு வந்தார். வயிறு முடிந்து அவர் மனைவியின் தலைவலிக்கு வந்தார். இவர் எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். காதர் நானா அசந்து தூங்கிய நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். ரயில் நின்றுவிட்டது.

பஸ்ஸில் எங்கள் சீர்த்தட்டு கோழிக்கூடைக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவில் கூரைமேல் ஏறியது. நம் ஊர் பஸ் பள்ளத்தைக் கண்டால் குதிக்கும். இது வளைவைக் கண்டால் சாய்ந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. கினிகத்தேனைக்கு வந்து சேர்ந்தபோது சக்கரம் ஒன்று காற்றிறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரம் ஹட்டனிலிருந்து வரவேண்டும். மழையானால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கினோம்.

கடை ஒரு சிங்களப் புருஷன் பெண்டாட்டியுடையது. அவன் அடுப்படியில் ரொட்டி சுட்டான். அவள் மேசை துடைத்தாள். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த ரொட்டி, தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பல். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கையை எடுக்க முடியவில்லை. தேநீரில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. உள்ளங்கையில் கித்துள் என்கிற மலைப்பனையின் கருப்பட்டி ஒரு துண்டு வைத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு இதைக் குடிக்க வேண்டும். இத்தனை தேயிலை விளைகிற மலையில் ஏன் தேநீர் இப்படிக் கறுத்துப் போய் இருக்கிறது என்று கேட்டேன். நல்ல இலையெல்லாம் கப்பலேறிவிடும், தூள்தான் இங்கே என்றார் காதர் நானா.

அந்தப் பெண் துடைத்துக்கொண்டே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவன் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே இடையிடையே ஒரு வார்த்தை சொன்னான். அவள் சிரித்தாள், மறுபடியும் பேசினாள்.

"சண்டையா?" என்று காதர் நானாவிடம் கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. அவட தம்பி வாங்கின மாடு பால் கறக்குதில்லையாம். அத வித்தவன் எப்படி ஏமாத்தினான்னு சொல்றா. இவன், உன் தம்பி மாட்ட வாங்கினதுக்குப் பதிலா மாடு உன் தம்பிய வாங்கியிருக்கணும் எண்டு சொல்றான். சும்மா பேசிக்கிறாங்க. மழையில யாவாரம் இல்லையே."

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மாட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேச முடியுமா?

காதர் நானா தொழுகைக்கு இடம் தேடிப் போனார். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இந்த ஊரில் இவர் டாக்டர் என்று ஒருவருக்கும் தெரியாது. மழைச் சத்தத்தில் நான் சொல்வது வேறு யார் காதிலும் விழாது. இதைவிட என்ன வேண்டும்?

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க" என்றேன்.

"சொல்லு பாரு" என்றார். என் பெயர் பார்வதி. அவர் பாரு என்றுதான் கூப்பிடுவார்.

எங்கே தொடங்குவது என்று நான் யோசித்தேன். குளியலறையிலிருந்தா, பங்குனியிலிருந்தா? ஒருவழியாக முடிவு செய்து திரும்பினால், சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நெற்றியில் அந்தச் சுருக்கம் இல்லாமல் யாரோ வேற்று மனிதர் மாதிரி இருந்தார். எழுப்பக் கையை நீட்டினேன். எழுப்ப முடியவில்லை. சக்கரம் வரும்வரை அவர் தூங்கினார். நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமலாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மலைச்சரிவில் கிளாக்கர்மாருக்கென்று கட்டிய சிறிய கல்வீடு. சுற்றிலும் எங்கே பார்த்தாலும் தேயிலை, கத்தரித்து விட்ட பச்சைத் தலைமுடி மாதிரி. கமலா ஓடி வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். குளிர் எலும்பு வரைக்கும் போனது. நம் ஊரில் மார்கழிக்கு ஒரு துப்பட்டி போதும். இங்கே கம்பளியின் மேல் கம்பளி போட்டும் பல் தந்தியடித்தது.

மறுநாள் விடியுமுன் எங்கிருந்தோ தப்புச் சத்தம் கேட்டது. ஏதோ சாவு என்று பதறி எழுந்தேன்.

"பெரட்டுக்குக் கூப்பிடுறாங்க அண்ணி" என்றாள் கமலா. "வேலைக்கு எல்லாரும் போயி நிக்கணும். பேரு கூப்பிட்டு மலைக்கு அனுப்புவாங்க. தெனமும் இதுதான் நமக்குச் சேவல்."

நான் முகம் கழுவி வருவதற்குள் வெளி வராந்தாவில் ஆள் நடமாட்டம். இந்தியாவிலிருந்து கிளாக்கர் ஐயா வீட்டுக்குப் பெரிய டாக்டர் வந்திருக்கிறார் என்ற செய்தி இரவோடிரவாகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போயிருக்கிறது. வேலைக்குப் போக முடியாத கிழவர்கள், வயிறு ஊதிய குழந்தைகள், இருமல்காரர்கள். கமலாவின் புருஷன் சங்கடத்தோடு, "மச்சான், நான் போகச் சொல்லிடுறேன். நீங்க ஓய்வெடுங்க" என்றார்.

இவர் அதற்குள் எழுந்துவிட்டார். பெட்டியைத் திறந்து, நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை எடுத்தார். ஒரு வாரப் பயணத்துக்கு அதை ஏன் எடுத்து வந்தார் என்று அப்போது நினைத்தேன். அவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷம்தான். நான் அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்தேன். இங்கேயும்.

வெந்நீர்ப் பாத்திரத்தோடு கதவருகில் நின்று அவரைப் பார்த்தேன். திண்டுக்கல் வீட்டில் வைத்தியசாலையை மறைக்கும் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று குரலை மட்டுமே கேட்டுப் பழக்கம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு எதிரே இருப்பவரின் முகத்தையே பார்க்கிறார். ஒரு பெண், கிழிந்த கம்பளியைப் போர்த்தியவள், என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனாள். மாமியார் திட்டியது, மாடு முட்டியது எல்லாம். அவர் நடுவில் மறிக்கவே இல்லை. "எப்பலேர்ந்து? ஏன்மா இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே அவள் அழுதுவிட்டாள்.

நானும் அந்த வரிசையில் போய் நிற்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை.

சடங்கு நன்றாக நடந்தது. மழையையும் பொருட்படுத்தாமல் மேளம் கொண்டு வந்தார்கள். இவர் தாய்மாமனாக மாலை போட்டு, கொலுசை மாட்டி, வசந்தாவின் தலையில் கையை வைத்தபோது கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விருந்தில் லீக்ஸ் என்று ஒரு பொரியல் வைத்தார்கள். பார்த்தால் நம் வெங்காயத்தாளின் அண்ணன் மாதிரி இருக்கிறது. ருசி சாது. சாதத்துக்குக் குழம்பு நம் திருச்சிப் பக்கத்துக் குழம்பேதான். தோட்டத்து ஜனங்கள் கடல் தாண்டி வந்து மூன்று தலைமுறையாகியும் புளியைக் கரைப்பதை யாரும் மறக்கவில்லை. பந்தியில் ஆண்கள் பிரஜாவுரிமையைப் பற்றிப் பேசினார்கள். இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்குப் போவதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கமலாவின் புருஷன் மட்டும் இலை இலையாக மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் கமலா என்னைக் கேட்டாள். "அண்ணி, ஒங்க மொகம் ஏன் இப்படி இருக்கு? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"அவர் எங்க சொல்றாரு" என்றேன்.

அவள் என்ன புரிந்துகொண்டாளோ, அடுத்த நாளைக்கு ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரு மட்டும் நுவரெலியா போயிட்டு வாங்க. இங்க இருந்தா வராந்தாவுலேருந்து அண்ணன யாரும் விடமாட்டாங்க. ஏரி, பூந்தோட்டம் எல்லாம் இருக்கு. பொழுதோட வந்தா போதும்" என்றாள். அவள் அண்ணன் தயங்கினார். அன்றைக்கு வரச்சொல்லியிருந்த ஒரு இருமல்காரனைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் அவரைக் காருக்குள் தள்ளாத குறையாக ஏற்றினாள்.

நுவரெலியாவில் வெயில் அடித்தது. கொட்டகலை மழையிலிருந்து வந்தவர்களுக்கு அது ஒரு அதிசயம். சாய்ந்த ஓட்டுக்கூரை வீடுகள், வேலி முழுக்க ரோஜா, தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கொடைக்கானலுக்கு ஒரு தரம் போயிருக்கிறேன். அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்த மாதிரி இருந்தது. சிங்கள டிரைவர் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, "நோனா, மாத்தயா, நீங்க பாருங்க. நான் இங்கதான்" என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனார்.

ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர் கையைக் காலை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். குழாய் மாட்டாத கழுத்தைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆமா" என்றேன். பிறகு இரண்டு பேருக்கும் அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இனி நேரமில்லை என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. எங்களுக்கு நேரம் இருந்தது.

"எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்குங்க" என்றேன்.

எத்தனை விதமாகவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தது, கடைசியில் இப்படி வெறும் வாக்கியமாக வந்து விழுந்தது.

அவர் திரும்பினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகத்தில் நான் பார்க்காத ஏதோ ஒன்று வந்தது. அது நின்றிருந்தால் போதும். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து?"

"பங்குனிலேர்ந்து."

"வலி?"

"இல்ல."

"அமுக்கினா நகருதா, அப்படியே நிக்குதா?"

"நிக்குது."

"ஒங்க அம்மா வழில, சித்தி பெரியம்மா யாருக்காவது?"

"ஒரு பெரியம்மாவுக்கு."

"ஏன்மா இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல?"

ஏன்மா என்றார். என்னை அவர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. யார்கிட்டயும் என்று வேறு. நான் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? நான் ஏரியைப் பார்த்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். இதுநாள்வரை என்னிடம் இவ்வளவு கேள்வி அவர் கேட்டதில்லை, இவ்வளவு பொறுமையாக என் பதிலுக்குக் காத்திருந்ததும் இல்லை. நான் ஏங்கினது இதற்குத்தானே? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார வேண்டும் என்றுதானே? உட்கார்ந்துவிட்டார். நான்தான் அங்கே இல்லை. அவர் எதிரே ஒரு நோயாளி இருந்தாள்.

ஐயோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏண்டி மறைச்சே என்று கத்தியிருக்கலாம்.

"பயப்படாதே. எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி இல்ல. ஊருக்குப் போனதும் மெட்ராஸ்ல காட்டிடலாம்" என்றார்.

தட்டிக்குப் பின்னால் நின்று நான் இந்தக் குரலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆபத்தில்லாததாக இருந்தால், "ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு" என்று அதட்டி அனுப்பிவிடுவார். பயப்படாதே என்பது பயப்பட வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கார் ஏறினோம். கொட்டகலை வரும்வரை அவர் முன்னால் ஓடிய பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர்தான் இடையிடையே அருவியைக் காட்டினார்.

மறுநாள் நான் எழுந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. வராந்தாவில் இருந்தார். முந்தின நாட்களைவிடக் கூட்டம் அதிகம். வழியில் போகிற ஆட்களையும் அவரே கூப்பிட்டு உட்கார வைக்கிறார் என்று கமலா சொன்னாள். "அண்ணன் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காரு அண்ணி. கஞ்சி கூடக் குடிக்கல. என்னன்னு கேட்டா, அடுத்த ஆள வரச்சொல்லுங்கிறாரு."

நான் அங்கே நிற்க முடியாமல் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியே தண்ணீர் கொட்டும் இடத்தை அங்கே பீலி என்கிறார்கள். பொன்னம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். கமலாவுக்கு அவ்வப்போது விறகு கொண்டுவந்து போடுகிற, கொழுந்து பறிக்கிற பெண். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அதனால் மலைக்குப் போகவில்லை.

"ஒங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாரு?" என்று சும்மா கேட்டேன்.

"ஸ்டோர்லங்க, தேயில அரைக்கிற எடத்துல. ராத்திரி வேல. அவரு வர்ற நேரம் நான் பெரட்டுக்குப் போவணும். நான் வர்ற நேரம் அவரு போவணும். புள்ளய வாசப்படியில கைமாத்திக்குவோம்." சிரித்தாள்.

"அப்ப எப்பத்தான் பேசிக்குவீங்க?"

"என்னாத்தப் பேசறதுங்க? அரிசி இருக்கா, புள்ள தின்னுச்சா. அதுக்கு மேல வாயத் தொறந்தா சண்டதான் வருது."

துணியை முறுக்கிப் பிழிந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "போன வருசம் மாசமா இருந்தேங்க. மலையில நிக்கிறப்பவே கலைஞ்சு போச்சு. பக்கத்துல நின்ன பொம்பளைங்களுக்குத்தான் தெரியும். சாயந்தரம் வந்தா அவரு வேலைக்குக் கெளம்பி நிக்கிறாரு. போற மனுசன்கிட்ட வாசல்ல வெச்சா சொல்றது? ஞாயித்துக்கெழம வரட்டும்னு வெச்சிருந்தேன்."

"சொன்னியா?"

"சொன்னேங்க."

"என்ன சொன்னாரு?"

"கோடாலிய எடுத்துக்கிட்டுப் போயி வெறகு ஒடைச்சாரு. பொழுது சாயிற வரைக்கும் ஒடைச்சாரு. நாங்க இருக்கிற காம்பரா பூரா வெறகு. படுக்க எடமில்ல." குடத்தை என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். "அழுதிருந்தா நானும் அழுதிருப்பேன். என்னா செய்யிறதுங்க?"

குடத்தோடு மேடேறி வந்தேன். வராந்தாவில் இவர் ஒரு கிழவனின் முதுகில் குழாயை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்த இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் குழாயை வைத்தார். அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிந்ததில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அவர் பயத்தை அவர் அந்த வராந்தாவில் வைத்திருந்தார். என் பயத்தை நான் அடுப்படியில் வைத்திருந்தேன். நடுவில் ஒரு கதவுதான். திறந்தே இருந்தது.

புறப்படும் நாளில் பாதை சரியாகிவிட்டது. கமலா கட்டிக் கொடுத்த தேயிலைப் பொட்டலமும் லீக்ஸ் கட்டும் மடியில். பெட்டியில் எங்களைத் தவிர ஒரு பௌத்த பிக்கு மட்டும் இருந்தார், அவரும் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார். மலை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இவர் பத்திரிகையைத் திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நானே பார்த்திருக்கணும் பாரு. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு."

பாரு என்றார். அந்த இடத்தில் நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். என் வாயில் வந்தது, "உங்களுக்கு எங்கங்க நேரம்" என்பதுதான். குத்திக்காட்டச் சொல்லவில்லை. வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் டாக்டருக்கு இப்ப நேரமில்ல என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவர் தலையை ஆட்டினார். பிறகு பத்திரிகையை எடுத்துப் பிரித்தார்.

மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்று வருஷமாகிறது. கையைத் தூக்கினால் இன்னும் இழுக்கிறது. மற்றபடி நடமாடுகிறேன், சமைக்கிறேன். போன மாதம் அக்குளில் இன்னொன்று தட்டுப்பட்டது. இந்தத் தடவை அன்றைக்கே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் மெட்ராஸ்.

ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அவர் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் வைத்தியசாலைக் கதவைச் சாத்திவிடுவார். யார் வந்தாலும் கம்பவுண்டர் உட்கார வைக்க வேண்டும், உள்ளே வரக்கூடாது. ஊரே ஆச்சரியப்பட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னிடம், கொடுத்து வைத்தவள் என்றார்கள். கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நான் ஒன்றில் உட்காருவேன். அவர் ஒன்றில்.

"கை எப்படி இருக்கு?" என்பார்.

"பரவாயில்ல."

"ராத்திரி தூக்கம்?"

"வருது."

அதோடு தீர்ந்துவிடுகிறது. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. செத்துப்போவதைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது, பையனின் கல்யாணத்தைப் பார்ப்பேனா, நான் போன பிறகு இந்தக் கூடத்தில் இவர் என்ன செய்வார், இத்தனை வருஷமும் என்னை இவருக்குப் பிடித்திருந்ததா. அவருக்கும் இருக்கும். வாயைத் திறப்பார், காப்பியைக் குடிப்பார். எங்கே தொடங்குவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பேச்சும் ஒரு பழக்கம்தான் போலிருக்கிறது. சின்ன விஷயங்களைப் பேசிப் பேசி வளர்த்து வைத்திருந்தால்தான் பெரியதைப் பேச வருகிறது. எங்களிடம் சின்னதும் இல்லை.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரம். மூடிய கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். நெஞ்சிலிருந்து வருகிற, விடாத இருமல். அவர் காது அங்கே போனதைப் பார்த்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போய்ப் பாருங்க" என்றேன்.

"இருக்கட்டும். இன்னும் நேரம் இருக்கே."

"பாவம், ரொம்ப இருமறாரு. போய்ப் பாருங்க."

எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு போன வேகத்தில் அவருக்கு மூச்சு வந்துவிட்டது தெரிந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.